பிரிட்ஜ் அதிர்ஷ்ட ஆட்டமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இளைஞர்களின் பொழுதுபோக்குகள் பற்றிக் கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, சீட்டாட்டம் முழுவதையும் சூதோடு சேர்த்து எழுதியிருந்தது. கையில் விழுகிற சீட்டே வெற்றியைத் தீர்மானிக்கிறது என்பது கட்டுரையாளரின் முடிவு. நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். இருவர் இருவராக இணைந்து நால்வர் ஆடும் சீட்டாட்டமான பிரிட்ஜை இருபது ஆண்டுகளாக ஆடுகிறவன். இதை மறுக்காமல் இருக்க முடியவில்லை.

இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. நம் ஊரில் 304 எனும் சீட்டாட்டம் ஆடாத வீடு குறைவு. செத்தவீட்டில் விடிய விடிய ஆடுவார்கள். நல்ல கை வந்தவர் வெல்வார். நால்வர் கூடி வீட்டில் ஆடும் ரப்பர் பிரிட்ஜுக்கும் இது ஓரளவு பொருந்தும். ஓர் இரவு முழுவதும் ஏஸும் ராஜாவும் ஒரே பக்கத்துக்குப் போனால் மறுபக்கம் என்ன செய்யும்?

போட்டிகளில் ஆடுவது டுப்ளிகேட் பிரிட்ஜ். அங்கே யாரும் சீட்டை மேசை நடுவில் எறிவதில்லை. அவரவர் சீட்டை அவரவர் முன்னாலேயே கவிழ்த்து வைக்கிறோம். பிடி, அதாவது ஒரு சுற்றில் விழும் நான்கு சீட்டு, நமதானால் நெடுக்காக, எதிர்ப்பக்கத்துக்குப் போனால் குறுக்காக. ஆட்டம் முடிந்ததும் பதின்மூன்று சீட்டும் கலையாமல் 'போர்டு' எனும் தட்டின் பைக்குள் திரும்பிப் போகும். அந்தப் போர்டு அப்படியே அடுத்த மேசைக்குப் போகும். உவர்மலையில் நாங்கள் பயன்படுத்துவது கொப்பி அட்டையில் தைத்த நான்கு பைகள்தான். இருக்கைகளுக்குத் திசைகளே பெயர்; வடக்கில் எனக்கு வந்த வறட்டுக் கையே எல்லா மேசைகளிலும் வடக்கில் இருப்பவருக்கும் வருகிறது. அதை வைத்து அவர் என்ன செய்தார், நான் என்ன செய்தேன் என்பதற்குத்தான் புள்ளி.

2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதன்முறையாக இடம்பெற்றது. ஆண்கள் இரட்டையர் பிரிவில் தங்கம் வென்ற இந்தியாவின் பிரணாப் பர்தனுக்கு அப்போது வயது 60. அவருடைய இணை சிப்நாத் சர்க்காருக்கு 56. நல்ல சீட்டு வந்ததற்காக யாருக்கும் அந்தப் பதக்கம் கிடைக்காது.

அதிர்ஷ்டமே இல்லை என்று வாதிட நான் வரவில்லை. எந்த இடத்தில், எவ்வளவு இருக்கிறது என்பதைப் புள்ளி கணக்கிடும் முறை முடிவு செய்கிறது. இணைகள் போட்டியில், அதே சீட்டோடு ஆடியவர்களில் எத்தனை பேரை முந்தினோம் என்பது மட்டுமே கணக்கு. எல்லோரும் 600 எடுத்திருக்க நாம் 630 எடுத்தால் அந்தப் போர்டின் முழுப் புள்ளியும் நமக்கு. ஒரே ஒரு மேலதிகப் பிடி, முப்பதே புள்ளி! ஆனால் வேறெவரும் கேட்கத் துணியாத பெரிய ஒப்பந்தத்தை, அதாவது இத்தனை பிடி எடுப்போம் என்ற கேள்வியை, நம் மேசையில் எதிர்ப்பக்கத்தார் கேட்டு, அது எப்படியோ நிறைவேறிவிட்டால், ஒரு பிழையும் செய்யாமலே நமக்குப் பூச்சியம். குழுப் போட்டியில் அந்த 30 வித்தியாசத்துக்கு ஐ.எம்.பி. எனும் புள்ளி மாற்று அட்டவணைப்படி ஒரு புள்ளிதான். 700 வித்தியாசமென்றால் 12. சிறிய லாபங்கள் அங்கே செல்லாக்காசு. ஒரு பெரிய சரிவு எட்டுப் போர்டுகளின் உழைப்பைத் தின்றுவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சென்ற ஆண்டு ஒரு குழுப் போட்டியில் 'துரும்பில்லாமல் மூன்று' என்ற ஒப்பந்தம் என் கையில் இருந்தது. தேவை ஒன்பது பிடி. ஒன்பதும் எண்ணி எடுக்கக்கூடியதாகவே இருந்தது. ஆனால் ராணி ஒன்று வெளியே நின்றது. இடப்பக்கத்தவர் தொடக்கத்திலேயே கேள்வி கேட்டிருந்ததால் அது அவரிடம் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதைச் சிக்கவைத்தால் பத்தாவது பிடி. வெள்ளிதோறும் இணைகள் ஆட்டம் ஆடிப் பழகிய கை, யோசிக்காமல் முயன்றது. ராணி வலப்பக்கத்தில் இருந்தது. அவர் அதை எடுத்து, தன் கூட்டாளி கேட்ட இனத்தை என் ராஜாவின் ஊடாக ஆடினார். நான்கு பிடிகள் வரிசையாகப் போயின. மற்ற மேசையில் இதே சீட்டுகளோடு ஆடிய எதிரணிக்கு 600, எங்களுக்கு ஒரு பிடி குறைவு, கழித்தல் 100. பன்னிரண்டு ஐ.எம்.பி. போனது, ஐந்து புள்ளி வித்தியாசத்தில் ஆட்டத்தைத் தோற்றோம். என் கூட்டாளி ஒரு வார்த்தையும் சொல்லாமல் சீட்டுகளைப் பைக்குள் வைத்தார்.

துரதிர்ஷ்டம் என்று நண்பர்கள் தேற்றினார்கள். நான் ஏற்கவில்லை. இணைகள் போட்டியாக இருந்தால் அதே முயற்சி சரியானது; ராணி தப்பியிருந்தாலும் நான் வருந்தியிருக்க மாட்டேன். அன்று என் பிழை, எந்தப் போட்டியில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதை அந்த அரை நிமிடம் மறந்தது. 24 போர்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஏழு நிமிடம் என்றால் ஏறத்தாழ மூன்று மணி நேரம். அவ்வளவு நேரமும் விழுந்த சீட்டுகளை எண்ணிக்கொண்டு, எதிராளி எதைப் போடாமல் தயங்கினார் என்று கவனித்துக்கொண்டு, இந்தப் போர்டில் எதைப் பணயம் வைக்கலாம் என்றும் நிதானித்துக்கொண்டிருக்க வேண்டும். உயர்தர வகுப்பில் நிகழ்தகவு கற்பிக்கையில், மாணவர்களிடம் இவ்வளவு கவனத்தை என்னால் ஒரு பாடவேளைக்கு மேல் பெற முடிந்ததில்லை.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு இதழில் சதுரங்கப் புதிர் வருகிறது. அதனருகில் நான்கு விரற்கடை இடம் ஒதுக்கினால், வாரம் ஒரு பிரிட்ஜ் கையை விடையோடு எழுதித் தர நான் தயார். மாணவர் எவராவது அதைப் பார்த்துக் கற்க விரும்பினால் எங்களுக்கும் உதவி. சனி மாலையில் இரண்டு மேசை போட எட்டுப் பேர் வேண்டும். ஒருவர் மட்டக்களப்புக்கு மாற்றலாகிப் போனதிலிருந்து ஏழு பேராகவே இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.