ஸ்கேன் வீட்டில், பிரிண்ட் லேபில்

ஆசிரியருக்கு,

பழைய நெகட்டிவ்களைப் போட்டோ லேபில் கொடுத்து ஸ்கேன் செய்வதா, வீட்டிலேயே செய்வதா என்று குழம்புகிறவர்களுக்கு: ஸ்கேன் வீட்டில், பிரிண்ட் லேபில் என்பதே எங்கள் கட்சி.

35 மி.மீ. பிலிமில் ஒரு படம் 36×24 மி.மீ. 2400 டிபிஐயில் (அங்குலத்துக்கு 2400 புள்ளி) ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 3400×2270 பிக்சல் வரும். 8×12 அங்குலப் பிரிண்டுக்கு அது போதும். லேபில் 1800×1200 பிக்சலில் தந்தால் 4×6க்கு மேல் தாங்காது. பணம் கட்டுமுன் எத்தனை பிக்சல் என்று கேளுங்கள். காகிதம் ஸ்கேன் செய்யும் சாதாரணக் கருவி நெகட்டிவுக்கு உதவாது. மூடியிலும் விளக்கு இருக்க வேண்டும். பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் 6400 டிபிஐயைக் கண்டு மயங்க வேண்டாம். பெரும்பாலும் ஃபைல்தான் பெருக்கும், நுணுக்கம் கூடாது.

சுருண்ட பிலிமைக் கனமான புத்தகத்தடியில் சில நாள் வைத்து நிமிர்த்துங்கள். கண்ணாடியில் ஒட்டினால், மழைநீரில் மிதக்கும் எண்ணெய்போல வண்ண வளையங்கள் படத்தில் விழும். தூசியை ஊதுகுமிழால் போக்கலாம். மிஞ்சியதை, சில ஸ்கேனர்களில் இருக்கும் அகச்சிவப்புக் கதிர் வசதி கண்டுபிடித்து நீக்கும். ஆனால் கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கு அந்த வசதியை அணைத்துவிடுங்கள்: அதிலுள்ள வெள்ளித் துகள் அகச்சிவப்பை மறிப்பதால், மூக்கையும் முழியையும்கூடத் தூசி என்று அழிக்கப் பார்க்கும்! பூஞ்சை பிடித்த நெகட்டிவை ஈரத்துணியால் துடைப்பதுதான் பெரிய தவறு. பிலிமில் படத்தைத் தாங்கும் பூச்சான ஜெலட்டின், பூஞ்சை அரித்திருந்தால் தண்ணீரில் கரையும். படமும் கூடவே போய்விடும்.

பிரிண்ட் விஷயம் வேறு. இங்க்ஜெட் பிரிண்டர் சில வாரம் சும்மா கிடந்தால் மை காய்ந்து துளை அடைத்துக்கொள்ளும். சுத்தம் செய்யவே பாதி மை தீரும். எப்போதாவது பத்துப் படம் போடுகிறவருக்குக் கட்டாது. லேபுக்கு எஸ்ஆர்ஜிபி (பொதுவாகப் பயன்படும் வண்ண முறை) ஜேபெக் ஃபைலாகக் கொடுத்து, ‘ஆட்டோ கரெக்ஷன் வேண்டாம்’, அதாவது கருவி தானாக நிறத்தையும் வெளிச்சத்தையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். 8×10 கேட்டால் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு வெட்டுப்படும். கல்யாண குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கும் சித்தப்பா காணாமல் போவார். 8×12 கேளுங்கள். பிரிண்ட் இருட்டாக வந்தால் லேபைத் திட்டுமுன் உங்கள் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள்.

கறுப்பு வெள்ளைக்கு மட்டும் விதிவிலக்கு. லேபின் கலர் பேப்பரில் அது லேசாகப் பச்சையோ ஊதாவோ பாயலாம். முதலில் ஒரே ஒரு 4×6 போட்டு, பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மற்றதைக் கொடுங்கள்.

— புகைப்பட ஆர்வலர்கள் சிலர், திருநெல்வேலி