ரினியூவலில் காணாமல் போகும் ஏஜென்ட் கோட்: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், ஐதராபாத்.

மதிப்பிற்குரிய தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஓசூர் முதல் அரூர் வரை மருத்துவக் காப்பீடு விற்கும் ஏஜென்டுகள் எழுதுகிறோம். கமிஷனைக் கூட்டித் தரச் சொல்லி இந்த மடல் இல்லை. கம்பெனி எந்தப் பாலிசிக்கு எவ்வளவு கொடுத்தது, எதை ஏன் பிடித்தது என்று தெரிய வேண்டும். பாலிசியைப் புதுப்பிக்கும் ரினியூவலில், அதை விற்றவர் யார் என்று காட்டும் எங்கள் கோட் எண் காணாமல் போகக் கூடாது.

2023 ஏப்ரலுக்கு முன்பு தனிநபர் மருத்துவ பாலிசியின் கமிஷனுக்கு 15 சதவீதம் உச்சவரம்பு இருந்தது. அதை எடுத்துவிட்டு, கமிஷனையும் சேர்த்த மொத்த நிர்வாகச் செலவுக்கு வரம்பு வைத்தீர்கள். பொதுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு மொத்தப் பிரீமியத்தில் 30 சதவீதம், தனி மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்கு 35 சதவீதம். அதற்குள் யாருக்கு எவ்வளவு என்பது இயக்குநர் குழுவின் கொள்கைப்படி. அந்தக் கொள்கை எங்கள் கைக்கு வந்து சேர்வது சேல்ஸ் மேனேஜர் வாட்ஸ்அப்பில் போடும் படமாகத்தான். பல நேரம் அதில் தேதிகூட இருக்காது.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை. 25,000 ரூபாய் பிரீமியத்துக்கு 29,500 கட்டியவர் இன்று 25,000 கட்டுகிறார். நல்ல முடிவு, மனதார வரவேற்கிறோம். ஆனால் கம்பெனி தன் செலவுகளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிச் சலுகை போனதால், ஏஜென்ட் கமிஷன் மீதான 18 சதவீத ஜிஎஸ்டியைப் பல கம்பெனிகள் கமிஷனுக்குள்ளேயே அடக்கிவிட்டன. 15 சதவீதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 25,000க்கு 3,750 ரூபாய் வர வேண்டும். அதை 1.18ஆல் வகுத்தால் 3,178. முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரியான டிடிஎஸ் 2 சதவீதம் போக கைக்கு வருவது சுமார் 3,114. சதவீதம் பேச்சில் அதே 15தான்; பாலிசிக்கு 572 ரூபாய் குறைந்தது ஸ்டேட்மென்ட்டில் தெரியாது. மொத்தம், டிடிஎஸ், நிகரம் என்று மூன்று வரிதான் வருகிறது. பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்ற 30 நாள் ஃப்ரீ லுக்கில் திரும்பிய பாலிசியா, செக் பவுன்ஸா, வேறு எதற்கான பிடித்தமா என்று கிளைக்குப் போய்க் கேட்டால் "சிஸ்டத்தில் அப்படித்தான் இருக்கு" என்பார்கள்.

இதைவிடப் பெரிய குறை ரினியூவல். கெடு தேதிக்கு முன்பே கம்பெனி வாடிக்கையாளரின் போனுக்கு லிங்க் அனுப்புகிறது. அவர் அதில் பணம் கட்டிய சில பாலிசிகளில் ஏஜென்ட் கோட் இருந்த கட்டத்தில், ஏஜென்ட் இல்லாமல் கம்பெனியே நேரடியாக விற்றதுபோல, "டைரக்ட்" என்று விழுந்துவிடுகிறது. அடுத்த மாத பேஅவுட்டில் அந்த பாலிசி இல்லாதபோதுதான் எங்களுக்குத் தெரியும். வாடிக்கையாளருக்கு இது தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தால் எங்களைத்தான் கூப்பிடுவார்.

ரினியூவல் நேரத்தில்தான் ஏஜென்டுக்கு உண்மையான வேலை. தருமபுரிக்காரர் பெரிய சிகிச்சைக்குச் சேலம் போவார். ஓசூர்க்காரர் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு போவார். ஊர்களை மண்டலமாகப் பிரித்துப் பிரீமியம் வைக்கும் சில பாலிசிகளில், குறைந்த மண்டலப் பிரீமியம் கட்டியவர் பெருநகர ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பில்லில் ஒரு பங்கு கைக்காசு. மண்டலத்தை மாற்றலாமா, காப்புத்தொகையை உயர்த்தலாமா என்பதைக் கெடுவுக்கு முன்பே உட்கார்ந்து பேச வேண்டும். ஆண்டுப் பிரீமியம் கட்டுபவருக்கு கெடு தாண்டியும் பணம் கட்ட 30 நாள் கிரேஸ் உண்டு, ஆனால் அந்த நாட்களில் கவரேஜ் இல்லை. இதை லிங்க் சொல்லாது.

புது பாலிசிக்கு அதிக சதவீதம், ரினியூவலுக்குக் குறைவு, அதுவும் நிச்சயமில்லை என்றால் என்ன ஆகும்? பழைய வாடிக்கையாளரை வேறு கம்பெனிக்கு "ஃப்ரெஷ்" ஆக மாற்றிவிடச் சிலருக்குத் தோன்றும். கழிந்த காத்திருப்புக் காலத்தை இழக்காமல் கம்பெனி மாற, அதாவது போர்ட் செய்ய, ரினியூவலுக்கு 45 நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர் புது பாலிசியாகவே போட்டுவிடுவார். கண்புரை, குடலிறக்கத்துக்குப் பெரும்பாலும் 2 ஆண்டு, ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷருக்கு 3 ஆண்டு வரை காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து. 60 மாதம் கடந்தால் மோசடி தவிர, தகவலை மறைத்ததாகச் சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது என்ற மாரடோரியமும் அப்படியே. தண்டனை வாடிக்கையாளருக்கு. கமிஷனில் பங்கு கேட்பவருக்குக் கொடுத்தால் காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி 10 லட்சம் வரை அபராதம் என்று எங்களுக்குச் சட்டம் இருக்கிறது. எங்களுக்குச் சேர வேண்டியதைச் சொல்லாமல் குறைக்கும் கம்பெனிக்கும் ஒரு விதி வேண்டும்.

ஆகவே கேட்கிறோம்: கமிஷன் அட்டவணை மாறினால், தேதியிட்ட கடிதம் 30 நாளுக்கு முன்பு வரட்டும். மாதாந்திர ஸ்டேட்மென்ட்டில் பாலிசி எண், வரியில்லாப் பிரீமியம், புதுசா ரினியூவலா போர்ட்டா, சதவீதம், ஜிஎஸ்டி, டிடிஎஸ், பிடித்ததற்குக் காரணம் எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். வாடிக்கையாளரே எழுத்தில் மாற்றச் சொன்னால் ஒழிய, எந்த வழியில் ரினியூவல் ஆனாலும் கோட் எண் மாறக் கூடாது. தவறாக "டைரக்ட்" ஆனதை 15 நாளில் திருத்தி, அடுத்த பேஅவுட்டிலேயே சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மருத்துவக் காப்பீட்டு ஏஜென்டுகள் சிலர்