இசட் டிரைவ் யாருக்குச் சொந்தம்?

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தாமதத்துக்குப் பெரும்போக வெட்டின்மேல் பழியைப் போடு. படுவான்கரையிலிருந்து நெல் லொறிகள் இரவு பகலாக வருகின்றன. நான் கணினி பார்க்கும் அரிசி ஆலையில் தராசுக்கு ஓய்வே இல்லை. விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினால் உமி கொட்டுகிறது. அம்மா சுகம். நீ கொழும்பில் மெலிந்துபோயிருப்பாய் என்று யாரும் சொல்லாமலே முடிவு செய்துவிட்டார்.

சேர்வர் கோப்புறையை இணைத்து வைத்திருக்கும் இசட் டிரைவ், செயலியை நிர்வாகி உரிமையோடு திறந்தால் மறைந்துவிடுகிறது என்று எழுதியிருந்தாய். அந்த இசட்டோடு நானும் மூன்று இரவுகள் மல்லுக்கட்டினேன்.

எங்கள் கணக்கப்பிள்ளை கடைசி லொறி போன பிறகு, நாள் கணக்கை முடிக்கும் செயலியை ஓட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அதன்பின் ஆரையம்பதி வரை சைக்கிள். பார்க்கப் பாவமாக இருந்தது. வீட்டிலிருந்தபடியே நான் ஓட்டிவிடுகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். செயலி இருப்பது சேர்வரில். அது கிடக்கும் கோப்புறையைத் தராசு அறைக் கணினியில் இசட் டிரைவாக இணைத்திருக்கிறோம். முதல் இரவு வீட்டிலிருந்து, தொலைவிலுள்ள கணினியில் கட்டளை ஓட்டும் பிஎஸ்எக்ஸெக் என்ற கருவி மூலம் அந்தக் கணினிக்குக் கட்டளை கொடுத்தேன். பாதையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றது. காலையில் கணக்கப்பிள்ளை இரண்டு முறை சொடுக்கினார், ஓடியது. இரண்டாம் இரவும் அதே கதை. கேபிளை மாற்றினேன், வைரஸ் தடுப்பைத் திட்டினேன். பாவம், இரண்டின்மீதும் குற்றமில்லை.

மூன்றாம் இரவு அவரைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு, அதே கணினியில் தொலைவிலிருந்து, இணைத்த டிரைவ்களைப் பட்டியலிடும் ‘நெட் யூஸ்’ கட்டளையை ஓட்டினேன். பட்டியலில் எதுவும் இல்லை என்று வந்தது. “இசட் இருக்கிறதே தம்பி, பச்சைக் கோட்டோடு என் கண்முன்னால் நிற்கிறது” என்கிறார் அவர். இருவர் சொன்னதும் உண்மை.

விண்டோஸில் இசட் என்ற அந்த எழுத்து கணினிக்குச் சொந்தமில்லை, உள்நுழைந்தவரின் அமர்வுக்கு, அதாவது ஒருவர் உள்நுழையும்போது தொடங்கும் அவருக்கான தனி இடத்துக்கு, சொந்தம். உங்கள் வீட்டில் ‘பின் வளவு’ என்றால் உன் தங்கை நேரே போய் நிற்பாள். தபால்காரருக்கு அது எந்த ஊர்? அவருக்குத் தெருவும் இலக்கமும் வேண்டும். நான் தொலைவிலிருந்து தொடங்கியது வேறொரு அமர்வு, அங்கே இசட் என்ற ஒன்றே கிடையாது.

உன் சிக்கலும் இந்தக் குடும்பம்தான். 2007இல் விஸ்டாவோடு வந்த பயனர் கணக்குக் கட்டுப்பாடு, நிர்வாகி ஒருவர் உள்நுழைந்ததும் அவருக்குச் சாதாரண அமர்வு ஒன்றும் உயர் உரிமை அமர்வு ஒன்றுமாக இரண்டு கொடுக்கிறது. ஒன்றில் இணைத்த டிரைவ் மற்றதில் தெரியாது. விண்டோஸின் அமைப்புகள் கிடக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘எனேபிள் லிங்க்ட் கனெக்ஷன்ஸ்’ என்ற மதிப்பை 1 ஆக்கி, கணினியை மறுதொடக்கம் செய்தால் இரண்டிலும் தெரியும். ஆனால் வேறு பயனரிலோ பின்னணிச் சேவையிலோ ஓடும் செயலிக்கு அது உதவாது. என்னைக் கேட்டால், அதைத் தொடாமல் குறுக்குவழியிலேயே சேர்வர் பெயரோடு முழுப் பாதையை எழுதிவிடு.

நானும் முழுப் பாதையைத்தான் கொடுத்தேன். இம்முறை ‘அணுகல் மறுக்கப்பட்டது’. முகவரி சரி, வாசலில் அடையாள அட்டை கேட்கிறார்கள்! பயனர் பெயர் கொடுக்காமல் பிஎஸ்எக்ஸெக்கை ஓட்டினால், அது அந்தக் கணினியில் நம் வேடத்தைப் போட்டுக்கொள்ளும். அங்கிருந்து மூன்றாவது கணினியான சேர்வருக்கு அந்த வேடம் செல்லாது. அந்தக் கோப்புறைக்கு மட்டும் உரிமையுள்ள தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்த பிறகே கதவு திறந்தது. 2014க்கு முந்திய பிஎஸ்எக்ஸெக் கடவுச்சொல்லை மறையாக்கம் இல்லாமல் அனுப்பும். உன்னிடம் பழையது கிடந்தால் அழித்துவிடு.

இன்னொரு வேடிக்கை. கட்டளைச் சாளரம் சேர்வரின் முழுப் பாதையை நடப்புக் கோப்புறையாக ஏற்காது. அதனால் கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் தொகுப்புக் கோப்பில், அந்தப் பாதைக்கு ஒரு டிரைவ் எழுத்தைக் கொடுத்து உள்ளே போகும் ‘புஷ்டி’ கட்டளையைப் போட்டேன், செயலி ஓடி முடிந்தது. இவ்வளவு சுலபமாக முடிந்தது எனக்குப் பிடிக்கவில்லை. காலையில் செயலியின் அமைப்புக் கோப்பைத் திறந்தால் உள்ளே ஆறு இடத்தில் இசட் என்றே எழுதியிருக்கிறது! அப்படியானால் இரவு எப்படி ஓடியது? புஷ்டி தற்காலிகமாக ஒரு டிரைவ் எழுத்தை எடுக்கும்போது கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கித் தேடுகிறது. என் அமர்வில் இசட் காலியாக இருந்ததால் அதையே எடுத்திருக்கிறது. அங்கே வேறு எதுவும் இசட்டைப் பிடித்திருந்தால் அதற்கு முந்திய எழுத்தான ‘வை’க்குப் போயிருக்கும், நானும் நான்காம் இரவு விழித்திருப்பேன். ஆறு இடத்தையும் முழுப் பாதையாக மாற்றினேன்.

இப்போது கணக்கப்பிள்ளை நேரத்தோடு வீட்டுக்குப் போகிறார். ஆனால் ஒன்பது மணிக்குத் தவறாமல் தொலைபேசி எடுக்கிறார்: “தம்பி, ஓடிவிட்டதா?” ஓடிவிட்டது என்று நான் சொன்ன பிறகுதான் படுக்கிறாராம்.

உன் கணினியில் நெட் யூஸை சாதாரணமாகவும் நிர்வாகி உரிமையோடும் ஓட்டிப் பார்த்து, வந்ததை எழுது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் கோயிலுக்கு வருவதாக இருந்தால் புகையிரத டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடு. தயிர்ச் சட்டிக்கு அம்மா இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.

அன்புடன்,
உன் மச்சான்