கித்துல்கல கூப்பிடு தூரமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில், பயணிகள் கப்பலில் கொழும்புக்கு வருகிறவர்கள் ஒரே பகலில் எங்கெல்லாம் போய்வரலாம் என்று அரைப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் "துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள கிடுல்காலாவில் படகுச் சவாரி" என்ற வரியைப் படித்தபோது கையில் இருந்த தேத்தண்ணி ஆறிப்போனது.

முதலில் ஊரின் பெயர். கித்துல்கல. கித்துல் பாணி என்கிறோமே, அந்தக் கித்துல். சிங்களப் பெயர் இங்கிலீசுக்குப் போய் அங்கிருந்து தமிழுக்கு வந்தால் கிடுல்காலா ஆகிவிடும்போல. உங்கள் அலுவலகத்தில் அந்த ஊர் வழியாகப் போகும் அட்டன் பஸ்ஸில் ஒரு தடவையாவது போனவர் ஒருவரும் இல்லையா?

அடுத்தது தூரம். சுமார் 90 கிலோமீற்றர். கடுவெல, ஹன்வெல்ல, அவிசாவளை, எட்டியாந்தோட்டை என்று ஒவ்வொரு சந்தியிலும் நின்று நின்றுதான் போகவேண்டும். நான் மட்டக்குளியில் இருக்கிறேன். களனி கங்கை கடலில் சேருமிடம் என் வீட்டுக்குக் கூப்பிடு தூரம். கித்துல்கலவும் அதே ஆற்றங்கரைதான். கூப்பிட்டால் கேட்காது.

இதை நான் வரைபடம் பார்த்து எழுதவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன்னர் ரொறன்ரோவிலிருந்து என் அக்கா பேரனோடு கப்பலில் வந்தார். பதினொரு வருடங்களுக்குப் பிறகு பார்க்கப்போகிறேன். கொழும்பில் கப்பல் நிற்பது காலை எட்டிலிருந்து மாலை ஆறு மட்டும். ஐந்தரைக்குள் ஏறிவிட வேண்டும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, பின்னேரம் கொச்சிக்கடை கோயிலுக்குப் போய்வருவோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பேரன் படகுச் சவாரி வேண்டும் என்றான். அதற்கு முந்திய வாரம்தான் உங்கள் பத்திரிகையிலேயே இதே மாதிரி ஒரு துணுக்கு வந்திருந்தது. அதைக் காட்டி, போய்வரலாம் என்று அக்காவிடம் தொலைபேசியில் சொன்னவள் நான். வெட்டி வைத்த அந்தத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

துறைமுக வாசலில் எங்களை உள்ளே விடமாட்டார்கள், அது தெரிந்ததுதான். வெயிலில், இடியப்பப் பார்சலும் சம்பலுமாக, ஒன்றரை மணித்தியாலம். உட்கார ஒரு வாங்கு கிடையாது. வருகிற வெள்ளைக்காரருக்குக் கண்டிய நடனம் ஆடினார்கள். வரவேற்க வந்த சொந்தக்காரருக்கு நிழல்கூட இல்லை. இதைப் பற்றி அப்போதே உங்களுக்கு ஒரு கடிதம் போட்டேன். நீங்கள் போடவில்லை. இடப் பற்றாக்குறை இருந்திருக்கும், சரி.

ஒன்பதே முக்காலுக்கு வான் புறப்பட்டது. போய்ச் சேர பன்னிரண்டரை. சேர்ந்தவுடன் படகில் ஏறலாம் என்று பார்த்தால், மேலே மின்நிலையத்தில் தண்ணீர் திறந்துவிடும் வரைக்கும் பொறுக்க வேண்டுமாம். ஆறு இறைவன் கையிலில்லை, மின்சாரக்காரர் கையில். 35 மெகாவாட் புரோட்லன்ட்ஸ் நீர்மின் திட்டம் வரப்போகிறது என்றபோது அந்தப் படகுக்காரர்கள் ஏன் அவ்வளவு பதறினார்கள் என்று அங்கே காத்திருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. உங்கள் கட்டுரையாளருக்கு அது விளங்கத் தேவையில்லை. அவர் இரண்டு பந்தி முழுக்க 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' என்ற பழைய ஆங்கிலப் படத்துக்கு அங்கே கட்டிய பாலத்தைப் பற்றி எழுதிவிட்டார். 1957இல் படம் வந்தது, பாலத்தைப் படப்பிடிப்பிலேயே குண்டு வைத்துத் தகர்த்தாயிற்று. இல்லாத பாலத்துக்கு இரண்டு பந்தி, இருக்கிற ஆற்றுக்கு ஒரு வரி!

படகில் அக்காவின் பேரனும் என் மகளின் மகனும் ஏறினார்கள். தலைக்கவசம், உயிர்காப்பு அங்கி எல்லாம் ஒழுங்காகத்தான் கொடுத்தார்கள், குறை சொல்லக்கூடாது. ஆனால் பாதுகாப்பு விளக்கம் முழுக்க இங்கிலீசிலும் சிங்களத்திலும். எங்கள் பிள்ளை தமிழ் மொழிமூலம் பத்தாம் ஆண்டு. படகு கவிழ்ந்தால் காலை முன்னுக்கு நீட்டி மல்லாந்து மிதக்க வேண்டும் என்பதை அவனுக்குச் சொன்னது கனடாப் பிள்ளை, அதுவும் அவனுடைய அரைத் தமிழில். கரைக்கு வந்த பிறகு அந்த வழிகாட்டிப் பையன் என்னிடம், "நான் எட்டியாந்தோட்டைப் பக்கம் தோட்டத்துப் பிள்ளைதான் அம்மா" என்று அழகான தமிழில் சொன்னான். ஏன் தம்பி அப்போ தமிழில் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் கேட்கல அம்மா, அப்படியே பழகிடுச்சு" என்றான். 1987இலிருந்து தமிழும் அரச மொழி. அந்த இடம் தனியார் நிறுவனம், சட்டம் பேச முடியாது, தெரியும். ஆனால் தமிழ்ப் பத்திரிகை இதை எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

இரண்டரைக்குத் திரும்பினோம். எட்டியாந்தோட்டை தாண்டியதும் மழை. அவிசாவளையில் நின்றோம், ஹன்வெல்லயில் நின்றோம். கப்பல் நிறுவனமே ஒழுங்கு செய்த பஸ் என்றால், பிந்தினாலும் கப்பல் காத்திருக்கும். நாங்களாகப் பிடித்த வானுக்கு யார் காத்திருப்பார்? அக்கா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார், நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வாசலுக்கு வந்தபோது ஐந்து இருபது. ஈர உடுப்போடு பேரன் முன்னால் ஓட, முழங்கால் வலியோடு அக்கா பின்னால் ஓடினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடியப்பம் வானின் பின்சீட்டில் புளித்துப் போயிருந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வரியைத் திருத்திப் போடுங்கள்: போக ஏறக்குறைய மூன்று மணித்தியாலம், வர அதே அளவு, பின்னேரத்தில் மழை வந்தால் அதற்கும் கூட. ஊர்ப் பெயரையும் சரியாக எழுதுங்கள். உங்கள் பத்திரிகையை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறோம்.

இடம் போதாவிட்டால் அக்கா கதையை வெட்டிவிடலாம். தூரத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
மட்டக்குளி, கொழும்பு 15