இரத்தக் குழாயின் உட்சுவரும் விற்றமின் குளிசைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரடைப்பைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் விற்றமின் குளிசைகளை வைத்தியரிடம் கேளாமலே வாங்கி விழுங்கும் வழக்கத்தை மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அடிக்கடி காண்பதால் இதை எழுதுகிறேன்.

இரத்தக் குழாயின் உட்புறத்தில் ஒற்றைப் படையாகப் பரவியிருக்கும் அகவணிக் கலங்கள் நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயுவைச் சுரந்து, குழாயைத் தளர்த்தி, குருதி உறையாமலும் காக்கின்றன. இந்த வாயுவின் பணியைக் கண்டறிந்தமைக்காகவே 1998 இல் பேர்ச்கொட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. புகைத்தல், நீரிழிவு, உயர் குருதியமுக்கம் ஆகியவற்றால் ஒட்சிசனின் தாக்குதிறன் மிக்க வடிவமான சுப்பரொட்சைட்டு மிகும்போது, அது நைத்திரிக் ஒட்சைட்டுடன் சேர்ந்து அதைச் செயலற்றதாக்குவதோடு, அதை ஆக்கும் நொதியத்தின் துணைப்பொருளையும் கெடுத்துவிடுகிறது. பின்னர் அந்த நொதியமே சுப்பரொட்சைட்டை வெளியிடத் தொடங்குவது வேலியே பயிரை மேய்வதற்கு ஒப்பானது.

மெதைல் கூட்டம் என்னும் சிறு அணுத்தொகுதியை ஒரு மூலக்கூறிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் மெதைலேற்றமும் இதனோடு பிணைந்தது. மெதியோனின் என்ற அமினோ அமிலம் தன் மெதைல் கூட்டத்தைக் கொடுத்தபின் எஞ்சும் ஹோமோசிஸ்டீனை மீண்டும் மெதியோனினாக்க, பி வகை விற்றமினான போலேற்றும் விற்றமின் பி12 உம் தேவை. இவை குறைந்தால் ஹோமோசிஸ்டீன் தேங்கி, அகவணிக் கலங்களில் ஒட்சியேற்ற அழுத்தத்தை, அதாவது சுப்பரொட்சைட்டு போன்றவை மிகுவதால் வரும் பாதிப்பைக் கூட்டுவதுடன், மரபணுக்களின் மெதைலேற்ற ஒழுங்கையும் குழப்பக்கூடும்.

அப்படியானால் விற்றமினை அள்ளிக் கொடுத்தால் போதாதா? 2006 இல் வெளியான, 5,522 பேர் பங்கேற்ற ஆய்வில், போலேற்றின் குளிசை வடிவமான போலிக் அமிலமும் பி6, பி12 உம் ஹோமோசிஸ்டீனைக் குறைத்தன. பக்கவாதம் சற்றுக் குறைந்ததே தவிர, மாரடைப்பு குறையவில்லை. ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் விற்றமின் ஈ குளிசையும் பெரிய ஆய்வுகளில் இதயத்தைக் காக்கவில்லை. குறைபாடு உள்ளவருக்கு அதை நிரப்புவது வேறு, குறைபாடில்லாதவர் மேலும் மேலும் விழுங்குவது வேறு.

குறைபாடோ நம் வீடுகளிலேயே இருக்கக்கூடும். முருங்கையிலையையும் பொன்னாங்காணியையும் நெடுநேரம் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டால் போலேற்றில் பெரும்பகுதி போய்விடும். வாவி மீன், முட்டை, பால் எதையும் தொடாதவருக்குப் பி12 கிடைப்பது அரிது. சீனி வருத்தத்துக்கு ஆண்டுக்கணக்கில் மெற்போமின் எடுப்பவரின் உடலும் பி12 ஐக் குறைவாகவே உறிஞ்சுகிறது. அவர்கள் சொல்லும் கால் விறைப்பையும் எரிவையும் சீனி வருத்தத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிடக் கூடாது.

ஆகையால் இத்தகையோருக்கான பி12 பரிசோதனையைக் கிளினிக்குகளிலேயே செய்ய சுகாதார அதிகாரிகள் வழிசெய்ய வேண்டும். துண்டெழுதித் தனியார் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால், நாட்கூலிக்குப் போகும் பலர் அதைச் செய்யாமலே விட்டுவிடுவார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.