ஞாயிறு வகுப்பு: குளிரால் வெற்றிடம்

வணக்கம். உயர்தரப் பௌதிகவியல் பிள்ளைகளின் அடுத்த சந்திப்பு வரும் ஞாயிறு, 15ஆம் திகதி மாலை 4 மணிக்கு, வெள்ளவத்தையில் வழக்கமான மாடியறையில்.

விசயம் இதுதான்: விண்கலச் சோதனை அறையில் பம்பி வைத்துக் காற்றை இழுத்த பிறகும் மூலக்கூறுகள் மிஞ்சும். அவற்றைக் கடுங்குளிர்த் தகட்டில் உறைய வைத்துப் பிடிக்கிறார்கள். நீராவி 80 கெல்வினிலேயே (கிட்டத்தட்ட −193 °C) படிந்துவிடும். நைதரசனுக்கு 20 கெல்வினுக்கும் கீழே போகவேண்டும். ஹீலியம் அதற்கும் மசியாது, குளிர்ந்த கரிதான் அதை உறிஞ்சும்.

1. ஆளுக்கொரு ஐஸ் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவரவும். அது வியர்ப்பதிலிருந்துதான் தொடங்குவோம். கொழும்புப் புழுக்கத்தில் இரண்டு நிமிடம் போதும்.
2. திரவ நைதரசன் கிடையாது. கேட்டு நச்சரிக்க வேண்டாம்!
3. வருபவர்கள் வெள்ளி இரவு 8 மணிக்குள் இங்கே பெயர் போடுங்கள். கதிரை 25தான்.