லேவுக்குப் போகும் பார்சல்

தூத்துக்குடி,
ஐப்பசி மாதம்.

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

லடாக்கின் லேயில் இருந்து நீ அனுப்பிய பெரிய உறை நல்லபடியாக வந்து சேர்ந்தது. உன் வகுப்புப் பிள்ளைகளின் கடிதங்களை எங்கள் எட்டாம் வகுப்பில் ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தோம். பதில்களையும் எழுதி முடித்து, இன்று ஸ்பீட் போஸ்டில் போட்டாயிற்று. போனில் சொல்லலாம்தான். ஆனால் உனக்கு டவர் கிடைக்கிற நேரத்தில் நான் வகுப்பில் நிற்கிறேன், நான் வீட்டுக்கு வந்து காலை நீட்டுகிற நேரத்தில் உன் போன் எடுக்காது. அந்தப் பார்சலை நீ பிரிப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிள்ளைகள் முதல் தடவை எழுதிய எதையும் நான் அனுப்பவில்லை. "உங்கள் ஊரையும் பள்ளியையும் அறிமுகப்படுத்தி எழுதுங்கள்" என்று சொன்னதும், மொத்த வகுப்பும் ஒரே கடிதத்தை எழுதி நீட்டியது. 'தூத்துக்குடி ஒரு துறைமுக நகரம். இது முத்துநகர் என்று அழைக்கப்படுகிறது. இங்கு உப்பு உற்பத்தி சிறப்பாக நடைபெறுகிறது. கப்பலோட்டிய தமிழன் வ.உ.சி. வாழ்ந்த ஊர்.' எழுத்துப்பிழை மட்டும்தான் ஆளுக்கு ஆள் வேறு. பள்ளியைப் பற்றி, 'விசாலமான மைதானமும் காற்றோட்டமான வகுப்பறைகளும் உள்ளன' என்று ஒரு வரி. ஏட்டி, நீ படித்த பள்ளிதானே, அந்த விசாலம் உனக்குத் தெரியாதா? கபடிக்குக் கோடு போட்டால் ஒரு பக்கம் சைக்கிள் ஸ்டாண்டுக்குள் போய்விடும்.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ஊரை அறிமுகப்படுத்து என்றால் நாம் பெரியவர்களும் இதையேதான் சொல்கிறோம். நல்லவேளை, அதற்குள் உன் பிள்ளைகளின் கடிதங்கள் வந்துவிட்டன. அவர்கள் அரண்மனை, மடாலயம் என்று ஆரம்பித்தாலும் ரொம்ப நேரம் அங்கேயே நிற்கவில்லை. வெண்ணெயும் உப்பும் போட்டுக் கடைகிற டீயைப் பற்றி ஒருத்தி எழுதியிருந்தாள். குளிர்காலத்துக்காகக் கேரட்டையும் முள்ளங்கியையும் உருளைக்கிழங்கையும் மண்ணில் குழி தோண்டிப் புதைத்து வைப்பதை ஒரு பையன் படம் போட்டு அனுப்பியிருந்தான். அதைப் பார்த்ததும் கடைசி பெஞ்சு வரைக்கும் எழுந்து வந்துவிட்டது. "டீச்சர், அழுகாதா?" "எலி தின்னாதா?" இந்த இரண்டு கேள்வியையும் அவனிடம் மறக்காமல் சேர்த்துவிடு. இங்கே நான் மழுப்பிவிட்டேன்.

அப்புறம் அவர்கள் கேட்டிருந்த கேள்விகள். உங்கள் வீட்டில் முத்து இருக்கிறதா? கடல் குளிரில் உறையுமா? வ.உ.சி.யின் கப்பல் எவ்வளவு பெரியது? குளிருக்குப் பள்ளியை எப்போது மூடுவீர்கள்?

முத்துக் கேள்வியில் வகுப்பு அப்படியே அடங்கிப்போனது. கடையின் போர்டிலும் சென்னைக்குப் போகிற ரயிலின் பெயரிலும் முத்து இருக்கிறது. வீட்டில் முத்து வைத்திருக்கிற பிள்ளை ஒன்றுகூட இல்லை. வீட்டில் கேட்டு வரச் சொன்னேன். கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி தன் பாட்டையாவிடம் கேட்டு வந்தாள். 1961இல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது அவர் சின்னப் பையன். சிப்பியைக் குவித்துப்போட்டு, சதை அழுகிய பிறகுதான் கழுவி முத்துப் பொறுக்குவார்களாம். "முத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை, அந்த நாற்றம்தான் ஞாபகம் இருக்கு" என்று அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறாள். பார் என்று சொல்கிற கடலடிப் பாறைத்திட்டுகளில் சிப்பி தேறாமல் போனதோடு முத்துக்குளிப்பும் நின்றுபோனது. 'எங்கள் ஊர் முத்துநகர். ஆனால் முத்து இல்லை' என்று தொடங்குகிற அந்தக் கடிதத்தை எங்கள் பள்ளியில் பெரிய பொறுப்பில் இருக்கிற ஒருவர் படித்துவிட்டு, "ஊர்ப் பெருமையைக் குறைக்கிற மாதிரி இருக்கே" என்றார். நான் சிரித்துக்கொண்டே உறையை ஒட்டிவிட்டேன்.

கப்பலைப் பற்றிப் பையன்கள் எழுதியிருக்கிறார்கள். 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கியது, கொழும்புக்குக் கப்பல் விட்டது எல்லாம் பாடத்தில் உள்ளதுதான். அவர்களுக்குப் பிடித்தது குடைக் கதை. வெள்ளைக்காரன் கம்பெனி டிக்கெட் விலையைக் குறைத்து, கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுத்தது என்று இங்கே சொல்வார்களே, அது. "ஓசியில் குடை கொடுத்தால் நீ எந்தக் கப்பலில் ஏறுவாய்?" என்று உன் பிள்ளைகளைக் கேட்டு எழுதியிருக்கிறான் ஒருத்தன். அதே கேள்வியை அவனிடம் திருப்பிக் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "குடையை வாங்கிக்கிட்டு இறங்கிருவேன் டீச்சர்" என்கிறான்.

உப்பைப் பற்றி நீயே தனியாக உட்கார்ந்து படி. உன் பிள்ளையின் உப்பு டீயால் வந்தது அது. டீயில் உப்பா என்று எல்லாரும் முகத்தைச் சுளித்தபோது, எப்போதும் வாயே திறக்காத ஒருத்தி, "எங்க அம்மா உப்பளத்துக்குத்தான் போறாங்க" என்றாள். ஒரே வகுப்பில் இத்தனை மாதம் இருந்தும் பாதிப் பேருக்கு அது தெரியாது. அவளை எழுத வைத்தேன். இரண்டு பக்கம் எழுதினாள். இரண்டிலும் நான் ஒரு எழுத்தைத் தொடவில்லை.

தை, மாசியில் பாத்தியை மிதித்துத் தரையை இறுக்குவதில் இருந்து ஆரம்பிக்கிறாள். கடல் தண்ணீரோ கிணற்று உவர்நீரோ பாத்தி பாத்தியாக மாறி மாறி வெயிலில் கிடந்து உப்பு ஏறும். அந்த ஏற்றத்தை 'டிகிரி' என்பார்கள். கடல் தண்ணீர் 3 டிகிரி, உப்பு இறங்குவது 25 டிகிரியில். அதற்கு முன்னால் ஜிப்சம் படியும். 29, 30க்கு மேல் விட்டால் உப்பு கசக்கும், அதனால் அந்தத் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும். டிகிரி காட்டுகிற மானியைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள்; ஆனால் பழகின ஆள் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாராம். இவ்வளவையும் அவள் புத்தகத்தைப் பார்த்து எழுதவில்லை. கரைசல், செறிவு, படிகமாதல் என்று நான் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்ய வைத்த பாடத்தை, அந்தப் பிள்ளை லீவு நாளில் அம்மாவோடு போய் வரப்பில் உட்கார்ந்தே தெரிந்துவைத்திருக்கிறாள்.

அம்மா விடியற்காலை இருட்டிலேயே கிளம்பிவிடுவார்களாம். வெயில் ஏறினால் வெள்ளைத் தரையில் இருந்து வருகிற கூசல் கண்ணைக் குத்தும். நீளக் கம்பில் மரப்பலகை கட்டி உப்பை வாரி வரப்பில் ஏற்றுவது, அங்கிருந்து தலைச்சுமையாக அம்பாரத்துக்குக் கொண்டுபோவது, சாயங்காலம் பாதவெடிப்பில் எண்ணெய் வைப்பது, எல்லாம் எழுதியிருக்கிறாள். அப்புறம் இந்த மாதம். மழை இறங்கிவிட்டால் அளத்தில் வேலை கிடையாது. மழைக்கால மாதங்களுக்கு என்று அரசாங்கம் 5,000 ரூபாய் தருகிறது. 'உங்களுக்குக் குளிருக்கு லீவு. எங்கள் அம்மாவுக்கு மழைக்கு லீவு. ஆனால் அந்த லீவில்தான் தீபாவளி வருகிறது' என்று எழுதி நிறுத்தியிருக்கிறாள். கடனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை.

உன் வகுப்புப் பையன் ஒருவன், அவன் தாத்தா காலத்தில் சோ கர் ஏரியில் உப்பெடுத்து ஆட்டு முதுகில் ஏற்றிக்கொண்டு போய்ப் பார்லி மாற்றுவார்கள் என்று எழுதியிருந்தானே, இவள் கடிதத்தை அவனுக்கே கொடு. அந்த ஏரியில் உப்பை எப்படி எடுத்தார்கள், பாத்தி கட்டினார்களா அல்லது தானாகவே கரையில் பூத்ததா, ஒரு ஆடு எவ்வளவு சுமக்கும் என்று கேட்டிருக்கிறாள். தாத்தா இருந்தால் கேட்டு எழுதச் சொல். பார்சலில் ஒரு சின்னப் பாட்டிலில் கல்லுப்பு இருக்கிறது, அவள் அம்மா கொடுத்தது. உங்கள் டீயில் போட்டுப் பார்க்கட்டும்.

குளிருக்குப் பள்ளியை எப்போது மூடுவீர்கள் என்ற கேள்விக்கு வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. இங்கே மழைக்குத்தான் லீவு, அதுவும் கலெக்டர் விட வேண்டும். அதிகாலையிலேயே எழுந்து டிவி முன்னால் உட்கார்ந்து, கீழே ஓடுகிற எழுத்தில் நம் மாவட்டத்தின் பெயர் வருகிறதா என்று பார்ப்பதை ஒருத்தி எழுதியிருக்கிறாள். நெல்லைக்கு விட்டு நமக்கு விடாத நாளில் வருகிற கோபத்தையும் சேர்த்துத்தான்.

அதில் இருந்து பேச்சு 2023 டிசம்பருக்குப் போனது. அந்த 17, 18 தேதிகளை இந்தப் பிள்ளைகள் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது என்று ஒருவன் சொல்ல, லேயில் வருஷத்துக்கே சுமார் 10 சென்டிமீட்டர்தான் என்று நான் சொன்னேன். உடனே ஒருவன் போர்டில் வகுத்துப் பார்த்து, "டீச்சர், அவங்க ஊரில் ஒன்பது வருஷம் பெய்றதை நமக்கு ஒரே நாளில் ஊத்தியிருக்கு" என்றான். அதோடு நிறுத்தியிருந்தால் வேடிக்கைதான். 2010 ஆகஸ்டில் உங்கள் ஊரில் மேகவெடிப்பு வந்து ஒரே ராத்திரியில் சேறும் கல்லுமாக இறங்கி நூற்றுக்கணக்கில் ஆட்கள் செத்ததை அப்புறம் சொன்னேன். உன் பிள்ளைகள் அப்போது பிறந்தே இருக்க மாட்டார்கள், ஆனால் அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். எங்கள் பிள்ளைகள் வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற அடையாளத்தை வரைந்து, தங்கள் உயரத்தையும் பக்கத்தில் குறித்து அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு அங்கே யாராவது வீட்டில் விசாரித்து எழுதினால் நல்லது. எழுதாவிட்டால் நீ கேட்காதே.

இன்னொரு கடிதம். ஒரு பையன் 2018 மே 22ஐப் பற்றி எழுதியிருக்கிறான். ஸ்டெர்லைட் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தது, அன்றைக்குத் தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது, அம்மா அவனைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியது. அப்போது அவன் சின்னப் பிள்ளை. பாதி அவன் பார்த்தது, பாதி வீட்டில் கேட்டது. ஊரை அறிமுகப்படுத்துகிற கடிதத்தில் இது வேண்டுமா என்று ஆசிரியர் அறையில் கேட்டார்கள். அவன் ஊர் அது, அவன் சொல்கிறான். நான் ஒரு வரியையும் வெட்டவில்லை. படித்துப் பார்த்து, எப்போது கொடுக்கலாம், யாரிடம் கொடுக்கலாம் என்பதை நீ முடிவு செய்.

பள்ளியைப் பற்றிய கடிதங்களும் இப்போது தேறிவிட்டன. கபடிக் கோடு சைக்கிள் ஸ்டாண்டுக்குள் போவதும், சத்துணவு முட்டையில் மஞ்சள் கருவை மட்டும் ஒதுக்குகிறவன் யார் என்பதும், கடல்காற்றில் துருப்பிடித்து வருஷத்துக்கு வருஷம் இளைக்கிற ஜன்னல் கம்பியும் வந்துவிட்டன. துறைமுகத்துக் கப்பல்களின் சங்குச் சத்தம் கேட்டால் கணக்கு டீச்சர் ஒரு நொடி நிறுத்துவார் என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். கணக்கு டீச்சருக்கே அது தெரியாது.

தமிழில் எழுதிவிட்டு அவர்களே இங்கிலீஷிலும் எழுதினார்கள். இரண்டு தாளும் உள்ளே இருக்கின்றன. இங்கிலீஷ் அங்கங்கே இடறும். திருத்தாதே, உன் பிள்ளைகளின் இங்கிலீஷையும் திருத்தி அனுப்பாதே. போன தடவை ஒரு கடிதத்தில் உன் கையெழுத்தின் வாடை அடித்தது, எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. அதே மாதிரி, அலங்காரத் துணி உடுத்தி நிற்கிற குரூப் போட்டோவும் வேண்டாம். ஒரு பையன் காலையில் எழுந்து பள்ளிக்கு வருகிற வழியை வரைந்து அனுப்பினாலே போதும், எங்கள் பிள்ளைகள் ஒரு வாரம் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

டிசம்பர் நடுவில் உங்களுக்குப் பள்ளி அடைத்தால் பிப்ரவரி கடைசி வரை திறக்காது அல்லவா? அதற்கு முன்னால் பதில் வந்துவிட்டால் நல்லது. இல்லையென்றால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் "லெட்டர் வந்துச்சா டீச்சர்?" என்று என்னைத்தான் குடைவார்கள். எலி விஷயத்தை மறந்துவிடாதே.

சுவெட்டர் போட்டுக்கொள், தண்ணீர் குடி. அப்பாவும் ஆச்சியும் விசாரித்தார்கள்.

பார்சலுக்கு அடியில் பால்பவுடர் டின் ஒன்று இருக்கும். உள்ளே மக்ரூன். முட்டை வெள்ளையும் சர்க்கரையும் முந்திரியும் மட்டும்தான், கெட்டுப்போகாது. நொறுங்காமல் வந்தால்தான் ஆச்சரியம். இடைவெளி இல்லாமல் பேப்பர் வைத்து அடைத்திருக்கிறேன். பொடியாகிப்போயிருந்தாலும் பரவாயில்லை, ஸ்பூன் போட்டுக் கொடு. ஸ்டாஃப் ரூமில் மட்டும் திறந்துவிடாதே, பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது.

அன்புடன்,
அம்மா